யாரோ ஆடிய ஆட்டம்: கடைசி வார அனுபவங்கள்

பஃபலோவிலிருந்து

அமெரிக்கக் கால்பந்துப் பருவம் கடைசி வாரங்களுக்கு வந்துவிட்டது. யாரை ஆட விடுவார்கள், யாரை உட்கார வைப்பார்கள் என்ற பேச்சும் கூடவே வந்துவிட்டது. பிளேஆஃபில் (பருவம் முடிந்ததும் நடக்கும், தோற்றால் வெளியேறும் சுற்றில்) இடம் உறுதியான அணி நல்ல ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுப்பது புத்திசாலித்தனம் என்கிறார்கள். வாய்ப்பு போன அணி தோற்றால் அடுத்த டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது, அதிகம் தோற்ற அணிக்கு முன்னுரிமை) முன்னால் நிற்கலாமே, எதற்கு உயிரைக் கொடுத்து ஆட வேண்டும் என்றும் கேட்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. கடைசி வாரத்தில் ஒரு அணி ஆடுவது தனக்காக மட்டும் இல்லை. எங்கோ இருக்கிற, அவர்களுக்கு முகம் தெரியாத ஒரு ஊரின் பருவமும் அந்த ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். என் கதையைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

2017 டிசம்பர் 31. எங்கள் ஊர் பில்ஸ் அணி 1999 பருவத்துக்குப் பிறகு பிளேஆஃப் பக்கமே போனதில்லை. 17 வருஷம். நான் பஃபலோவுக்குக் குடிவந்து அப்போது நாலாவது குளிர்காலம். பக்கத்து வீட்டுப் பெரியவர் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி காலமாகிவிட்டார், தனியாக இருந்தார். முதல் குளிர்காலத்தில் நான் எழுந்திருக்கும் முன்பே எங்கள் வாசல் பனியையும் சேர்த்து வாரிப் போட்டுவிட்டுப் போனவர். அன்றைக்கு அவர் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் ஆட்டம் பார்த்தோம்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, மேஜையில் ஒரு பழைய ரேடியோவை வைத்து உள்ளூர் வர்ணனையைக் கேட்பார். ரேடியோ டிவியை விடச் சில நொடிகள் முந்திவிடும். டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) என்று ரேடியோ கத்திய பிறகுதான் படத்தில் பந்து கைமாறும்.

மயாமியில் பில்ஸ் 22-16 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தில் கைல் வில்லியம்ஸ் பந்தோடு ஓடி ஒரு டச்டவுன் எடுத்தார். அவர் தற்காப்பு வரிசையில் ஆடும் கனத்த மனிதர். 2006-லிருந்து இதே அணியில் இருந்து ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூடப் பார்க்காதவர். அவர் கையில் பந்தைக் கொடுத்ததைப் பார்த்ததும் பெரியவர் நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் ஜெயித்தது போதாது. பால்டிமோரில் ரேவன்ஸ் தோற்க வேண்டும். வேறு வழிகள் எல்லாம் அன்றைக்கே அடைபட்டுவிட்டன. ரேவன்ஸோடு ஆடியது சின்சினாட்டி பெங்கால்ஸ். அவர்களுக்கு அந்தப் பருவம் எப்போதோ முடிந்துவிட்டது, ஜெயித்தாலும் 7-9தான், அதாவது 7 வெற்றி, 9 தோல்வி. முன்னிலையில் இருந்த அவர்களை ரேவன்ஸ் துரத்திப் பிடித்து 27-24 என்று முந்தியது. ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக நேரம் இருக்கும்போது பெங்கால்ஸுக்கு நாலாவது டவுன். அதுதான் கடைசி முயற்சி, 12 கெஜம் வேண்டும்.

அப்போது பெரியவர் ஒரு காரியம் செய்தார். ரேடியோவைத் திருப்பி, பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த நாலு பேட்டரிகளையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். படத்துக்கு முன்னால் சேதி வந்துவிடக்கூடாது என்று நினைத்தார் போல. சத்தமே இல்லாத டிவியில் பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆண்டி டால்டன் பந்தை எறிந்தார். டைலர் பாய்ட் பிடித்தார், திரும்பினார், ஓடினார். 49 கெஜம், டச்டவுன். 31-27.

ஒரு பேட்டரி உருண்டு கீழே விழுந்தது. அந்தச் சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கூச்சல். பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று ராத்திரி அணி திரும்பி வரும்போது வரவேற்க உறைபனியில் நூற்றுக்கணக்கானவர்கள் விமான நிலையத்தில் நின்றார்கள். அடுத்த நாளிலிருந்து பஃபலோ ரசிகர்கள் டால்டனின் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். 17 வருஷத்துக்கு 17 டாலர் என்று கணக்கு. சேர்ந்தது மூன்று லட்சம் டாலருக்கும் மேலே. பெரியவருக்கு இணையத்தில் பணம் அனுப்பத் தெரியாது. ஒரு பத்து, ஒரு ஐந்து, இரண்டு ஒற்றை டாலர் நோட்டுகளை என் கையில் வைத்து, "என் பேரைப் போடு, பஃபலோ என்றும் போடு" என்றார். என் ஃபோனிலிருந்து அனுப்பிவிட்டுக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

அடுத்த வாரமே ஜாக்சன்வில்லில் 10-3 என்று தோற்றுவிட்டோம். அது எனக்கு இன்றைக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

ஹூஸ்டனிலிருந்து

உங்களுக்கு டால்டன் கிடைத்தார். எங்களுக்கு நடந்தது நேர் எதிர்.

2009 பருவம். எங்கள் டெக்சன்ஸ் அணி 2002-ல்தான் வந்தது, அதுவரை தோல்வியை விட வெற்றி அதிகமான ஒரு பருவம்கூடக் கிடையாது. அந்த வருஷம் முதல் தடவையாகப் பிளேஆஃப் கனவு வந்தது. டிசம்பர் 27 அன்று இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 14-0 என்ற நிலையில் ஜெட்ஸோடு ஆடியது. மூன்றாவது கால்பகுதியில் 15-10 என்று முன்னிலை. இடம் உறுதியாகிவிட்டது என்று தங்கள் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்கை வெளியே எடுத்துவிட்டார்கள். அனுபவமில்லாத புதுப் பையன் ஒருவர் உள்ளே வந்தார். ஜெட்ஸ் 29-15 என்று ஜெயித்தது. தங்கள் சொந்த மைதானத்திலேயே கோல்ட்ஸ் ரசிகர்கள் தங்கள் அணியைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, 2010 ஜனவரி 3. நான் மைதானத்தில் இருந்தேன். பாஸ்டன் பக்கத்து அணியான பேட்ரியட்ஸோடு ஆட்டம். என் பக்கத்து இருக்கையில் 83-ம் எண் சட்டை போட்ட ஒரு பேட்ரியட்ஸ் ரசிகர், மகனோடு வந்திருந்தார். வெஸ் வெல்க்கரின் சட்டை அது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வெல்க்கர் பந்தைப் பிடித்துத் திரும்பும்போது, யாரும் மோதாமலேயே முழங்கால் மடங்கி விழுந்தார். பக்கத்து இருக்கைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மகன் ஏதோ கேட்டான், அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் எழுந்து கத்தக்கூடிய நேரம், கத்த முடியவில்லை. ஆட்டம் முடியும்வரை அவர்கள் போகவில்லை. நாங்கள் 34-27 என்று ஜெயித்தபோது அவர் கை கொடுத்து, "ராத்திரி ஜெட்ஸ் தோற்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெட்ஸ் தோற்கவில்லை. அவர்களோடு ஆடியதும் இதே பெங்கால்ஸ்தான். ஏற்கெனவே தங்கள் பிரிவை (லீகுக்குள் நாலு அணிகள் கொண்ட குழு) ஜெயித்துவிட்ட நிம்மதியில் ஆடினார்கள், 37-0 என்று தோற்றார்கள். நாங்கள் 9-7, ஜெட்ஸும் 9-7. அவர்கள் உள்ளே, நாங்கள் வெளியே. எங்களைப் போலவே 9-7 எடுத்த ஸ்டீலர்ஸும் வெளியே.

அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் அதே ஜெட்ஸ் சின்சினாட்டிக்குப் போய் அதே பெங்கால்ஸை வீழ்த்தியது. பிறகு இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் கோல்ட்ஸ் எதிரே போய் நின்றது. கோல்ட்ஸ் தப்பித்தது, சூப்பர் பவுலில் செயின்ட்ஸிடம் தோற்றது. அந்த டிசம்பர் 27 அன்று மேனிங் கடைசிவரை ஆடியிருந்தால் என்று நான் இன்னும் யோசிக்கிறேன். 16-0 என்ற வாய்ப்பை யாராவது கையிலிருந்து நழுவ விடுவார்களா?

பாஸ்டனிலிருந்து

ஹூஸ்டன் நண்பரே, அந்தச் சட்டைக்காரர் நானில்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம். வெல்க்கர் அந்தப் பருவத்தில் 123 பந்து பிடித்திருந்தார், லீகிலேயே அவர்தான் அதிகம். அன்றைய ஆட்டத்தில் எங்களுக்குப் பெரிய தேவை எதுவும் இல்லை. வெல்க்கருக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அடுத்த வாரம் ரேவன்ஸ் எங்கள் ஊருக்கே வந்து 33-14 என்று அடித்துவிட்டுப் போனார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் யாராவது 'முகம் தெரியாத ஊருக்காக ஆட வேண்டும்' என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஒரு மனிதனின் கால் அது. ஓய்வு கொடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நியூஜெர்சியிலிருந்து

பாஸ்டன் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் அணியே சம்பந்தப்பட்ட ஒரு ஆட்டம் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

2007 டிசம்பர் 29. பேட்ரியட்ஸ் 15-0. எங்கள் ஜெயன்ட்ஸுக்குப் பிளேஆஃபில் ஐந்தாம் இடம் உறுதி. ஜெயித்தாலும் தோற்றாலும் அது மாறாது. பயிற்சியாளர் டாம் கொக்லின் எல்லோரையும் ஆட வைத்தார். நான் மேல் தட்டில் உட்கார்ந்திருந்தேன். மைதானத்தில் பாதிப் பேர் 'வேண்டாம், ஈலை மேனிங்கை வெளியே எடு' என்ற கவலையோடு வந்தவர்கள்தான், நானும் அப்படித்தான். எங்கள் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் நாலு டச்டவுன் எறிந்தார். 38-35 என்று தோற்றோம். சென்டர் ஷான் ஒஹாரா உட்பட மூன்று பேருக்குக் காயம். பாஸ்டன் தம்பி கேட்கும் விலையை நாங்களும் கொடுத்தோம்.

ஆனால் ரயிலில் திரும்பும்போது நடந்ததைச் சொல்கிறேன். பெட்டி நிறைய தோற்ற அணியின் ரசிகர்கள், யாருடைய முகமும் தொங்கவில்லை. எதிரே நின்ற பேட்ரியட்ஸ் ரசிகர் ஒருவர், "இந்தப் பருவத்தில் எங்களை இப்படிப் பயமுறுத்தியவர்கள் குறைவு, திரும்பவும் உங்களைப் பார்க்க எனக்கு ஆசையில்லை" என்றார். அடுத்த நாள் பழைய பயிற்சியாளரும் வர்ணனையாளருமான ஜான் மேடன் கொக்லினுக்கு ஃபோன் செய்து, ஆடிய விதத்தைப் பாராட்டிச் சேதி விட்டுவைத்தார். டாம்பா, டல்லஸ், கிரீன் பே என்று மூன்று வெளியூர் ஆட்டங்கள் ஜெயித்தோம். பிப்ரவரி 3 அன்று அரிசோனாவில் சூப்பர் பவுல், அதே பேட்ரியட்ஸை 17-14 என்று ஜெயித்தோம். அந்த ரயில் நண்பர் அன்று எங்கே உட்கார்ந்து பார்த்தாரோ.

சரி, இப்போது இன்னொன்று. 2021 ஜனவரி 3. கோவிட் காலம், மைதானத்துக்குள் ஆள் கிடையாது. வீட்டில் பார்த்தேன். டல்லஸை 23-19 என்று ஜெயித்தோம். எங்கள் கணக்கு 6-10, வெட்கப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் அந்த வருஷம் பிரிவே அப்படி. ராத்திரி ஃபிலடெல்ஃபியாவில் வாஷிங்டன் தோற்றால் பிரிவு எங்களுடையது. வாஷிங்டன் 17-14 என்று முன்னிலை. மூன்று புள்ளிதான் வித்தியாசம், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்காக ஜேலன் ஹர்ட்ஸ் இரண்டு டச்டவுன் ஓடியிருந்தார். நாலாவது கால்பகுதியில் அவரை உட்கார வைத்து, அந்தப் பருவத்தில் ஆடவே ஆடாத மூன்றாவது குவார்ட்டர்பேக்கை அனுப்பினார்கள். பந்து இரண்டு தடவை எதிரணியின் கைக்குப் போனது. 20-14. வாஷிங்டன் 7-9 எடுத்துப் பிரிவை வென்றது. ஈகிள்ஸுக்கு டிராஃப்டில் ஆறாவது இடம் கிடைத்தது.

காயத்துக்குப் பயந்து ஓய்வு கொடுப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இது அது இல்லை. மூன்று புள்ளி பின்னால் இருக்கும் அணி, ஜெயிக்கக்கூடிய ஆட்டத்தை, எங்கள் கண் முன்னால் கீழே வைத்துவிட்டுப் போனது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. என்னோடு வேலை பார்ப்பவர், ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து வளர்ந்தவர். பதினைந்து வருஷமாக என் அணியைக் கேலி செய்வதைத் தவிர வேறு எதுவும் பேசாதவர். "மன்னிச்சுக்கோ. நாங்க அப்படி ஆடுறவங்க இல்ல" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, வைத்துவிட்டார். எங்கள் ஆள் யாரும் என்னிடம் சொல்லாத ஆறுதல் அது.

ஹூஸ்டனிலிருந்து

6-10 எடுத்த அணிக்குப் பிளேஆஃப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். பிரிவை வென்றால் இடம் உண்டு என்று லீக் சொல்லியிருக்கிறது. 2010 பருவத்தில் சியாட்டில் 7-9 எடுத்து உள்ளே வந்து, முந்தைய வருஷச் சாம்பியன் செயின்ட்ஸை வீழ்த்தவில்லையா? சியாட்டிலின் மார்ஷான் லின்ச் 67 கெஜம் ஓடியது அந்த ஆட்டத்தில்தான்.

பிட்ஸ்பர்கிலிருந்து

நான் செவிலியர். 2022 ஜனவரி 9 ஞாயிறு, எனக்கு இரவு ஷிஃப்ட். எங்கள் ஸ்டீலர்ஸ் அன்று மத்தியானம் பால்டிமோரில் கூடுதல் நேரத்தில் 16-13 என்று ஜெயித்திருந்தது. எங்கள் குவார்ட்டர்பேக் பென் ராத்லிஸ்பர்கருக்கு அதுதான் கடைசி வருஷம் என்று ஊருக்கே தெரியும். நாங்கள் உள்ளே போக வேறு இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, கோல்ட்ஸ் தோற்க வேண்டும். இரண்டாவது, ராத்திரி லாஸ் வேகஸில் ரைடர்ஸ் சார்ஜர்ஸ் ஆட்டம் சமனில் முடியக் கூடாது. சமன் ஆனால் அவர்கள் இரண்டு பேரும் உள்ளே, நாங்கள் வெளியே.

முதலாவது மத்தியானமே நடந்துவிட்டது. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அதுவரை இரண்டே ஆட்டம் ஜெயித்த அணி. அவர்களுடைய ரசிகர்களே நிர்வாகத்தின் மேல் உள்ள கோபத்தில் கோமாளி வேஷம் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்திருந்தார்கள். அந்த அணி கோல்ட்ஸை 26-11 என்று அடித்தது. இந்த ஊர் அவர்களுக்குச் சரியாக நன்றி சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை, நான் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாவது ராத்திரி. என் வார்டில் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு தாத்தா. டிரிப்ஸ் பார்க்கப் போகும்போதெல்லாம் ஸ்கோர் சொன்னால்தான் கையை நீட்டுவார். ரைடர்ஸ் 29-14 என்று இருந்தபோது நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். சார்ஜர்ஸ் விடவில்லை. ஜஸ்டின் ஹெர்பர்ட் நாலாவது டவுன் மேல் நாலாவது டவுனாகத் தாண்டி வந்து, கடிகாரம் பூஜ்யம் ஆகும்போது டச்டவுன் எறிந்து 29-29 ஆக்கினார். கூடுதல் நேரத்தில் ஆளுக்கு ஒரு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி), 32-32. "இனி இரண்டு பேரும் சும்மா நின்றுவிடுவார்கள் பாரு" என்றார் தாத்தா. ஆட்டமும் அப்படித்தான் தெரிந்தது, கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. 38 நொடி இருக்கும்போது சார்ஜர்ஸ் டைம்அவுட் கேட்டது. அடுத்த ஓட்டத்திலேயே ஜாஷ் ஜேக்கப்ஸ் 10 கெஜம் போனார். கடைசி நொடியில் டேனியல் கார்ல்சன் 47 கெஜத்திலிருந்து உதைத்தார், 35-32.

தாத்தாவின் நாடித்துடிப்பு மானிட்டரில் ஏறியதைப் பார்த்து நான்தான் பயந்துபோனேன். டிரிப்ஸ் இல்லாத கையால் என் கையைத் தட்டிவிட்டு, "தூங்கலாம்" என்றார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ரைடர்ஸ் நமக்காக உதைக்கவில்லை. ஜெயித்தால் அடுத்த ஆட்டம் சின்சினாட்டியோடு, சமன் ஆனால் கான்சஸ் சிட்டியோடு என்று அவர்களுக்கும் கணக்கு இருந்தது. அந்தக் கான்சஸ் சிட்டியிடம் நாங்கள் போய் 42-21 என்று தோற்றோம். அதனால் என் நன்றி முதலில் ஜாகுவார்ஸுக்கு. ஜெயித்து அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மீண்டும் பஃபலோவிலிருந்து

எல்லாவற்றையும் படித்தேன். பாஸ்டன் நண்பரே, வெல்க்கர் விழுந்ததை ஹூஸ்டன் நண்பர் எழுதியிருக்கும் விதத்தில் படித்த பிறகு என் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். வலியோடு இருக்கும் ஆட்டக்காரரை உட்கார வைக்கட்டும். யாரும் தப்பு சொல்லக்கூடாது. நான் கேட்பது, உள்ளே இறங்கும் 11 பேரும் ஜெயிக்க ஆட வேண்டும், அவர்களை அனுப்புகிறவரும் ஜெயிக்க அனுப்ப வேண்டும் என்பதுதான். ஜெயன்ட்ஸுக்கு 2021-ல் நடந்தது அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

லீகும் சும்மா இல்லை. ஹூஸ்டன் நண்பர் சொன்ன அந்தப் பருவம் முடிந்த கையோடு, 2010-லிருந்து கடைசி வார ஆட்டம் எல்லாமே ஒரே பிரிவுக்குள் என்று அட்டவணை போட்டார்கள். பக்கத்து ஊர்ப் பகையாளியோடு ஆடும்போது யாருக்கும் அசிரத்தை வராது. 2020-லிருந்து பிளேஆஃபின் முதல் வார ஓய்வு முதலிடத்துக்கு மட்டும்தான். இரண்டாம் இடம் கிடைத்தாலே போதும் என்று சாய்ந்து உட்கார முடியாது. 2025 ஜனவரியில் லயன்ஸும் வைக்கிங்ஸும் கடைசி ஞாயிறு ராத்திரி முதலிடத்துக்காக ஆடியது அதனால்தான். 14 ஆட்டம் ஜெயித்த வைக்கிங்ஸ் அன்று 31-9 என்று தோற்று ஐந்தாம் இடத்துக்கு விழுந்தது. அது கொடூரம், ஆனால் இரண்டு பக்கமும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள்.

மிச்சம் இருப்பது டிராஃப்ட். என் யோசனை இது: கடைசி இரண்டு வாரத்துக்கு முன்பே டிராஃப்ட் வரிசையை மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகு தோற்று யாருக்கும் எந்த லாபமும் இருக்கக்கூடாது.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறார், மகள் வீட்டுக்குப் போய்விட்டார். 2018 ஆகஸ்ட் கடைசியில், பருவம் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி ஆட்டம் ஒன்றுக்கு பெங்கால்ஸ் பஃபலோ வந்தது. கணக்கில் சேராத ஆட்டம், வெயில் வேறு. வர வேண்டாம், முழங்கால் வலிக்கும் என்றேன். கேட்கவில்லை. டால்டன் களத்துக்குள் வந்ததும் எங்கள் பகுதி முழுக்க எழுந்து கைதட்டியது. எதிரணியின் குவார்ட்டர்பேக்குக்கு. பெரியவர் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கைதட்ட இரண்டு கையும் வேண்டுமே, அதனால் பிடியை விட்டுவிட்டு என் மேல் சாய்ந்து நின்றுகொண்டார். டால்டன் பந்து எறிய ஆரம்பித்த பிறகும் உட்காரவில்லை.